சுண்டலும் சத்தமில்லாத டீச்சரும்

அக்டோபர் 6, திங்கள்

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால் இந்த டயரி. புது வருடத்துக்குப் பம்புக் கம்பெனிக்காரர்கள் மாமாவின் கடைக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஒரு நீர்மூழ்கி மோட்டார் படம் உட்கார்ந்திருக்கிறது. பரவாயில்லை, மீதி இடம் எனக்குப் போதும். மாமா என்றால் என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

நான் ஜெயமணி. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். மைக் செட் இல்லாமல் விளையாட்டு விழா நடத்தியவள். நான் கிரவுண்டில் 'அட்டென்ஷன்' என்றால் ரோட்டில் போகிற பால்காரர் வண்டியை நிறுத்துவார் என்று ஸ்டாஃப் ரூமில் கேலி செய்வார்கள். அது கேலி இல்லை. ஒரு தடவை நிஜமாகவே நிறுத்தினார்.

போன மாதம் கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டியில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அது குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டு இருந்ததாம், எடுக்கும்போது நரம்பு அசந்துவிட்டது. இப்போது வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற சத்தம்தான் வருகிறது. தானாகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். பொறுமைக்கென்ன, என்னிடம் நிறைய இருக்கிறது. மாமாவுக்குத்தான் கஷ்டம். வீட்டில் சத்தமே இல்லாததால் அவருக்குத் தூக்கம் வருவதில்லையாம்.

எங்கள் நாய் சுண்டலுக்கும் புரியவில்லை. என் காலடியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபர் 8, புதன்

எச்.எம். கௌசல்யா மேடம் ஆப்பிளோடு வந்தார். உட்கார்ந்தார், காப்பி குடித்தார், மெதுவாக ஆரம்பித்தார்.

"நீங்க சேந்தவுடனே கொஞ்ச நாளைக்கு லைப்ரரியப் பாத்துக்கோங்க டீச்சர். கிரவுண்டுக்கு நா வேற ஏற்பாடு பண்ணிக்கறேன்."

என்னிடம் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இருக்கின்றன. 'விசில் இருக்கிறதே' என்று எழுதிக் காட்டினேன்.

"விசில் அடிச்சா புள்ளைங்க நிக்கும். அப்பறம்? ஒரு புள்ள ஷாட்புட் விழற எடத்துல போயி நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. எந்தப் புள்ள, எந்தப் பக்கம் நவுரணும்னு எப்படிச் சொல்லுவீங்க? எனக்கு அதுதான் பயமா இருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு அந்த ஆப்பிளை மட்டும் தொடவில்லை. எனக்கு ஆப்பிள் பிடிக்காது.

அக்டோபர் 12, ஞாயிறு

சுண்டலைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். அம்மா பொமரேனியன், அப்பா எங்கள் தெரு. நிறம் வேகவைத்த கொண்டைக்கடலை, அதனால் அந்தப் பெயர். முழங்கால் உயரம்கூட இல்லை. சின்ன நாய்களுக்கான தடை ஓட்டப் போட்டியில் மூன்று வருடமாகக் கலந்துகொள்கிறோம்.

தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால், நாய் ஓடிப் போய்க் குறுக்குக் கம்புகளைத் தாண்ட வேண்டும். துணி டனலுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். நட்டு வைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். சீசாப் பலகையில் ஏறி, அது மறுபக்கம் சாய்ந்ததும் இறங்க வேண்டும். கூரை மாதிரிச் சாய்த்த பலகையில் ஏறி, நடுவில் குதிக்காமல் அந்தப் பக்கம் இறங்க வேண்டும். எதற்குப் பிறகு எது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நம்பர் வைத்திருப்பார்கள். நாய்க்கு நம்பர் தெரியாது, ஆகவே கூட ஓடி வழி காட்டுவது நம் வேலை. நாயைத் தொடக் கூடாது. தின்ன ஏதாவது காட்டக் கூடாது. கையிலும் வாயிலும் ஒரு பொருளும் இருக்கக் கூடாது, விசில்கூட. வரிசை மாறினால் வெளியே.

மூன்று வருடமும் டனலில்தான் வரிசை மாறி வெளியே வந்தோம். சுண்டலுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வருடப் போட்டி நவம்பர் 30. நான் கத்த முடியாது, ஆகவே மாமா ஓடுவது என்று முடிவாயிற்று. இன்று ரெஹானாவின் தென்னந்தோப்பில் ஒத்திகை. ரெஹானா பல் டாக்டர், தோப்பில் எல்லாத் தடைகளையும் வாங்கிப் போட்டிருக்கிறாள். அவளுடைய டைசன் என்கிற மினியேச்சர் பின்ஷர்தான் ஒவ்வொரு வருடமும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போவது. நல்ல பெண். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். முதல் தடைக்கு முன்னால் நின்று, குனிந்து, சுண்டலிடம் சொன்னார்: "கண்ணு, இதைச் சித்த தாண்டீருங்க."

நாயிடம் யாராவது 'ங்க' போடுவார்களா? இருபத்தாறு வருடம் பம்புக் கடையில் உட்கார்ந்து பழகிய வாய். சுண்டல் அவரைப் பார்த்தாள், வாலை ஆட்டினாள், மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினாள். மாமாவும் உட்கார்ந்து சொறிந்துவிட்டார். ரெஹானா சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வருசம் ரெஸ்ட் எடுங்க மணிக்கா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றாள் பிறகு, என் தோளைத் தொட்டு. நான் தலையாட்டினேன். ஆட்டியதற்கு அர்த்தம் சரி என்பது இல்லை.

அக்டோபர் 15, புதன்

லைப்ரரியில் சேர்ந்தேன். புத்தகங்களுக்கு நம்பர் ஒட்டினேன். ஒரு புத்தகமும் ஓடவில்லை.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பக்கத்து வீட்டில் காலையிலேயே சரவெடி. சுண்டல் கட்டிலுக்கு அடியில் கடைசி மூலையில் போய் ஒட்டிக்கொண்டு நடுங்கினாள். வருடா வருடம் நான் வெளியே நின்று "ஏய், வெளிய வா, ஒண்ணுமில்ல" என்று அதட்டுவேன். வெடிச் சத்தத்தோடு என் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி வரை வர மாட்டாள்.

இந்தத் தடவை அதட்ட வழியில்லை. புதுச் சேலையோடு நானும் கட்டிலுக்கு அடியில் படுத்தேன். கையைக்கூட நீட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் ஊர்ந்து ஊர்ந்து வந்து என் கழுத்துத் தழும்பில் மூக்கை வைத்துக்கொண்டாள்.

மாமா குனிந்து பார்த்துவிட்டு, "அம்மிணி, உனக்குமா வெடின்னா பயம்?" என்றார். பலகாரத் தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போனார். அதிரசம் பரவாயில்லை, பாகு கொஞ்சம் முறுகிவிட்டது.

அக்டோபர் 26, ஞாயிறு

மாமாவின் போனில் போன வருடப் போட்டி வீடியோ இருந்தது. பொழுது போகாமல் பார்த்தோம். சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தேன். அதில் இருக்கிற என் குரலைக் கேட்க இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

சத்தமில்லாமல் பார்த்தால் வேறு என்னமோ தெரிகிறது. டனல் வருகிறது. நான் வாயைப் பிளந்து கத்துகிறேன். கத்துவதற்காக அப்படியே நின்றுவிடுகிறேன். என் தோளும் முட்டியும் இரண்டு பாதங்களும் டனலைப் பார்க்கவில்லை, பக்கத்துத் தடையைப் பார்க்கின்றன. சுண்டல் என் காலைப் பார்க்கிறாள், நேராக அந்தத் தடைக்குப் போகிறாள். நடுவர் விசில். அதற்கு முந்தின வருட வீடியோவையும் பார்த்தோம். அதிலும் அதே கதை.

'அந்தப் புது ஷூ வழுக்கியிருக்கும்' என்று பலகையில் எழுதினேன்.

"ஆமாமா. ரெண்டு வருசமும் புது ஷூவு" என்றார் மாமா. அவர் இப்போதெல்லாம் ரொம்பப் பேசுகிறார்.

நவம்பர் 2, ஞாயிறு

போட்டிக்கு நானே ஓடுகிறேன்.

காலையில் தோப்பில் சோதித்துப் பார்த்தேன். வாயை இறுக மூடிக்கொண்டு, எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கம் தோளைத் திருப்பி, பாதத்தை வைத்து, கையைத் தாழ நீட்டி ஓடினேன். சுண்டல் என் பக்கத்தில் ஒரு தப்பில்லாமல் ஓடினாள். தடை, தடை, டனல், கம்பு வரிசை. நான் இடது தோளை லேசாக இழுத்தால் இடது பக்கம் வெட்டித் திரும்புகிறாள். புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. இவளுக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. ஓடி முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மறுபடி ஓடினோம். மறுபடியும் சரி. சந்தோஷத்தில் அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன்.

ரெஹானா டைசனைக் கையில் பிடித்தபடி நின்றாள். "மணிக்கா, இது என்னக்கா மேஜிக்கு?" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

ஒத்திகை நடுவில் ஒரு அணில் கீழே இறங்கியது. சுண்டல் என்னை விட்டுவிட்டு அதன் பின்னால் பாய்ந்தாள். தோப்பின் கேட் திறந்திருந்தது. அணில் மரத்தில் ஏறிவிட்டது, அவள் நேராக ரோட்டுக்குப் போய்விட்டாள். மினி பஸ் வருகிறது. நான் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

டிரைவர் பிரேக் போட்டார். பஸ்ஸுக்குள் எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். சுண்டல் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்று, எதற்கு இவ்வளவு கூட்டம் என்பது போலப் பார்த்தாள். "நாய வளக்கறவங்க ஒரு கொரல் குடுக்க மாட்டீங்களாக்கும்" என்று திட்டிவிட்டுப் போனார் டிரைவர்.

என்னைப் பார்க்காத நாய்க்கு என் தோளால் என்ன பிரயோஜனம்? எச்.எம். கேட்டதும் இதைத்தானே.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று கையை ஆட்டினேன். மத்தியானம் சாப்பிட்டது ஜீரணமாகவில்லை.

நவம்பர் 10, திங்கள்

மாமாவிடம், போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொல்லிப் பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் படித்தார். பலகையை வாங்கித் துடைத்து ஜன்னல் மேல் வைத்துவிட்டார். அப்புறம் பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரேயடியாக இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அம்மிணி, நா ஒண்ணு கேக்கறன். ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துக்குப் போறம். நா அங்க எவனோடயாச்சும் மோட்டாரப் பத்திப் பேசீட்டு நிப்பன். நீ கூப்புட்டு என்னைக்காச்சும் நா வந்துருக்கறனா? காட்டுக் கத்தலாக் கத்துவ, 'இதா வர்றன்'ம்பன், வர மாட்டன். அப்பறம் நீ என்ன பண்ணுவ? செருப்ப மாட்டீட்டு, திரும்பிப் பாக்காம, விறுவிறுன்னு பஸ் ஸ்டாப்புக்கு நடப்ப. அய்யோ உட்டுட்டுப் போயிருவாளாட்ட இருக்குதேன்னு நா வேட்டியப் புடிச்சுட்டு ஓடியாறன். என்னைய வர வெச்சது உன்ற கொரலா, உன்ற முதுகா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சுண்டல் எழுந்து வலது பக்கம் போய் நின்றாள்.

நவம்பர் 14, வெள்ளி

டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மாமாவிடம்தான் பேசினார். வருகிற வழியில் இளநீர் குடித்தோம். மாமா வழுக்கையை எனக்கே கொடுத்துவிட்டார். அவருக்கு வழுக்கை என்றால் உயிர்.

நவம்பர் 16, ஞாயிறு

கேட்டைப் பூட்டிவிட்டு மாமா சொன்ன வித்தையைப் பார்த்தோம். சுண்டல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கும்போது, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். அவ்வளவுதான். நான் போய்விடுவேன் என்று பயந்து ஓடி வருவாள்.

வரவில்லை. நாலு அடி வருவாள், நிற்பாள். மறுபடி நாலு அடி, நிற்பாள்.

ரெஹானாதான் கண்டுபிடித்தாள். "நீங்க திரும்பித் திரும்பிப் பாக்கறீங்கக்கா. பாக்கறப்ப உங்க தோளு அவ பக்கம் திரும்பிருது. நில்லுன்னு சொன்ன மாதிரி ஆயிருது." போட்டியாளரிடமே வந்து இப்படிச் சொல்லுகிறாள். இந்தப் பெண்ணை என்ன செய்வது.

திரும்பிப் பார்க்காமல் எப்படி இருப்பது? என் உத்தியோகமே பிள்ளைகளுக்கு முகத்தைக் காட்டி நிற்பது. முதுகைக் காட்டினால் பின்னால் குட்டிக்கரணம் போடுவார்கள். வருகிறாளா இல்லையா என்று தெரியாமல் ஓடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் நடப்பது மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் வரை பழகினேன்.

நவம்பர் 21, வெள்ளி

எச்.எம். கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் கொடுத்த சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்தார்.

"அடுத்த மாசம் மூணாந்தேதி புது பி.டி. டீச்சருக்கு இன்டர்வியூ வெச்சிருக்கோம். நீங்க லைப்ரரியிலயே பர்மனெண்டா இருந்துக்கலாம். சம்பளத்துல ஒண்ணும் மாத்தமில்ல. வெயில்ல நிக்க வேண்டியதில்ல பாருங்க."

வெயிலில் நிற்க வேண்டியதில்லையாம். எனக்கு வெயில் வேண்டும். புழுதி வேண்டும். "மிஸ், இன்னிக்கு த்ரோபால் மிஸ்" என்று சுற்றி நின்று பிடுங்குகிற பிள்ளைகள் வேண்டும். இதை எல்லாம் எழுதப் பலகையில் இடமில்லை. 'முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஒரு இடத்துக்கு வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்' என்று எழுதினேன். எந்த இடம் என்று கேட்டார். எழுதினேன்.

"நாய்ப் போட்டியா?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "டீச்சர், அது நாய். இதுங்க பொண்ணுங்க."

'பொண்ணுங்க சீக்கிரம் கத்துக்குவாங்க' என்று எழுதினேன்.

அவர் சிரிக்கவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 29, சனி

மழை. சுண்டலுக்கு நகம் வெட்டினேன். எனக்குப் பழைய ஷூவே போதும்.

நவம்பர் 30, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். கை வலித்தாலும் சரி.

கல்லூரி மைதானத்தில் நேற்றைய மழை ஈரம். புல் வாசனையும் நாய் வாசனையும் பஜ்ஜி வாசனையும். திருப்பூரிலிருந்து ஒரு ஷிட்சு கொண்டையில் ரிப்பனோடு வந்திருந்தது. பொள்ளாச்சியிலிருந்து ஒரு பக் நாய், டாஷ்ஹவுண்ட் இரண்டு, பீகிள் குட்டி ஒன்று. உயரம் அளக்கிற குச்சியின் கீழே சுண்டல் ராணி மாதிரி நின்றாள். "என்ன ப்ரீட்?" என்று கேட்டார் பெங்களூரிலிருந்து வந்த நடுவர். "எங்க ப்ரீடுங்க" என்றார் மாமா.

முதலில் நாயில்லாமல் மனிதர்கள் மட்டும் களத்தில் நடந்து பார்க்க விடுவார்கள். இதை வெளியாள் பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் நினைப்பார். இல்லாத நாய்க்குக் கையைக் காட்டி, இல்லாத நாயைப் பாராட்டி, ஆளாளுக்கு முணுமுணுத்துக்கொண்டு நடப்போம். நானும் நடந்தேன். நான்காவது தடையைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். டனலை லாடம் மாதிரி வளைத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு வாய். தாண்டி இறங்குகிற நாய்க்கு நேர் எதிரே இருப்பது தப்பான வாய். சரியான வாய் அந்தப் பக்கம், சுற்றிப் போக வேண்டும். "டனல்" என்று கத்தினால் நாய் கண்ணெதிரே இருப்பதற்குள்தான் போகும். நடுவர் வில்லங்கமான ஆள்.

நினைத்தபடியே நடந்தது. ஷிட்சு தப்பான வாய்க்குள் போயிற்று. பீகிள் போயிற்று. பக் டனலுக்கே வரவில்லை, சீசாவின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. ஒரு டாஷ்ஹவுண்ட் மட்டும் மெதுவாக, எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சரியாக முடித்தது. டைசன் அம்பாகப் பாய்ந்தான். ரெஹானா "டனல், டைசன், டனல்!" என்றாள். அவனுக்கு வேகம் அதிகம், அவள் சுற்றி வருவதற்குள் நேர் எதிரே இருந்த வாய்க்குள் புகுந்துவிட்டான். விசில். கோப்பைக்காரி வெளியே. அவள் டைசனைத் தூக்கி முத்தம் கொடுத்துக்கொண்டே வந்தாள். என்னைத் தாண்டும்போது, "அக்கா, கிழிச்சுருங்க" என்றாள்.

எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். வாரைக் கழற்றினேன். கூட்டத்தைப் பார்த்தேன். மாமா மூன்றாவது வரிசையில், குடையோடு. அவருக்குப் பக்கத்தில் எச்.எம். கௌசல்யா மேடம், மடியில் கைப்பை.

ஓடினோம். தடை, தடை, கம்பு வரிசை. சுண்டல் கம்புகளுக்கு நடுவே தைத்துக்கொண்டே போனாள். தடை. நாலாவது தடையில் அவள் எழும்பும்போதே நான் வலது தோளைப் பின்னுக்கு இழுத்து அந்தப் பக்கம் வெட்டினேன். அவள் இறங்கினாள். எதிரே டனல் வாய். அதைப் பார்க்கக்கூட இல்லை. என் இடுப்போடு ஒட்டிச் சுற்றி, சரியான வாய்க்குள் போய்விட்டாள். கூட்டத்தில் யாரோ 'ஹேய்' என்றார்கள். மூன்று வருடமாக எங்களைக் கவிழ்த்த டனல்!

சீசா. அது டப்பென்று சாய்ந்து முடிகிறவரை பொறுத்து இறங்கினாள். அடுத்தது கூரைப் பலகை. விறுவிறுவென்று ஏறினாள். உச்சிக்குப் போனாள். நின்றுவிட்டாள்.

உயரத்திலிருந்து மாமாவைப் பார்த்துவிட்டாள். அந்த மனுஷன் ஆவேசத்தில் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். சுண்டலின் வால் ஆடியது. மாமா தப்பைப் புரிந்துகொண்டு தடாலென்று உட்கார்ந்து குடையை விரித்து உள்ளே ஒளிந்துகொண்டார். அவள் அந்தக் குடையையே பார்த்தாள். இன்னும் வேகமாக வாலாட்டினாள்.

என்னை அவள் பார்க்கவில்லை. மைதானமே அமைதியாகிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். வழக்கம்தான், வேறென்ன. வெறும் காற்று. அந்த ஒரு கணம் எனக்கு மினி பஸ் ஞாபகம் வந்தது.

திரும்பினேன். சுண்டலுக்கும் மாமாவுக்கும் எச்.எம்.முக்கும் முதுகைக் காட்டி, கடைசித் தடைகளை நோக்கி ஓடினேன். பார்க்கக் கூடாது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது, பல்லைக் கடித்து நிறுத்தினேன். பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. ஈரப் புல்லில் என் ஷூ மட்டும். இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. போய்விட்டது, எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் ஓடினேன்.

அப்போது பலகையில் நகச் சத்தம் கேட்டது. டகடகடகவென்று. இறங்குகிறாள்! கடைசி வரை இறங்கினாளா, நடுவில் குதித்தாளா தெரியாது. திரும்பவில்லை. வலது கையை நீட்டித் தடையைக் காட்டினேன். கொண்டைக்கடலை நிறத்தில் ஒன்று என் கணுக்காலை உரசிக்கொண்டு முன்னால் பறந்தது. தடை. தடை. முடிவுக் கோட்டை எனக்கு முன்னால் தாண்டித் திரும்பி நின்று, ஏன் இவ்வளவு லேட் என்று குரைத்தாள். எங்கள் இருவருக்கும் சேர்த்து அவளே குரைத்தாள்.

நடுவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஒரு தப்பும் இல்லை.

உச்சியில் நின்ற நேரத்தையும் சேர்த்து டாஷ்ஹவுண்டைவிட நாங்கள் வேகம். முதல் பரிசு. ரெஹானா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். மாமா குடையை மடிக்க மறந்து அப்படியே வந்தார். "அம்மிணி, நாந்தான் கெடுக்கப் பாத்தன்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவர் அழுதால் அழட்டும். நானும் அழுதேன். கோப்பைக்குள் சுண்டல் தலையை விட்டு நக்கிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்றதும் ஆர்வம் போய்விட்டது.

எச்.எம். கைப்பையை இறுகப் பிடித்தபடி வந்தார்.

"அது மேல நின்னப்ப எனக்கே எந்திரிச்சுக் கத்தணும்னு வந்துருச்சு டீச்சர். நீங்க எப்படித் திரும்புனீங்க?" என்றார். பலகை கையில் இல்லை, சுண்டலைக் காட்டினேன். அவர் சுண்டலையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "நாளைக்கு மூணாவது பீரியடு ஏழாங்கிளாஸ் கிரவுண்டுக்கு வருது. நீங்க எடுங்க. நா மாடியில நிப்பேன். பாத்துட்டு இன்டர்வியூவப் பத்திச் சொல்றேன்."

டிசம்பர் 1, திங்கள்

நாற்பது பிள்ளைகள். எச்.எம். சொன்ன 'வேற ஏற்பாடு' நடக்காததால் ரொம்ப நாளாகக் கிரவுண்டையே காணாதவர்கள். கயிறு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டிகள் மாதிரி நாலு பக்கமும் சிதறினார்கள். விசில் அடித்தேன். நின்றார்கள். திரும்பி என்னைப் பார்த்தார்கள். காத்திருந்தார்கள்.

"மிஸ்ஸுக்குப் பேச்சு வராதுடி" என்றது ஒரு குரல். இன்னொன்று சிரித்தது. சிரிப்பு பரவியது. முன்வரிசையில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி, "பேசுங்க மிஸ், ஒரே ஒரு வார்த்தை மிஸ்" என்றாள். கெட்ட பெண் இல்லை, நிஜமாகவே கேட்டாள். மாடி வராந்தாவில் எச்.எம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைப்பை இல்லை.

விசிலைப் பாக்கெட்டில் போட்டேன். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி ஓட ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு ஜோடி ஷூ. பிறகு மூன்று, நான்கு. வேப்பமரத்தைத் தாண்டும்போது பின்னால் மழை மாதிரி சத்தம். இடது தோளை இழுத்து உள்பக்கம் வெட்டினேன், சத்தமும் வெட்டியது. கையைத் தாழ நீட்டினேன், குனிந்து ஓடினார்கள். இரண்டு கையையும் விரித்தேன், இரண்டு வரிசையாகப் பிரிந்தார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவர்களுக்கு? ரெட்டைச் சடைக்காரி என் தோளையே பார்த்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மூச்சு வாங்கியது. வெயில் சுள்ளென்று அடித்தது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

பெல் அடித்தது. யாரும் நிற்கவில்லை. எச்.எம். மாடியிலிருந்து, "பெல் அடிச்சாச்சு, எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. நல்ல கணீர்க் குரல்தான். யாரும் நிற்கவில்லை. மறுபடியும் கத்தினார்.

நான் வலது கையைத் தூக்கினேன். நாற்பது பேரும் நின்றார்கள்.